அட்டைப்பெட்டி அழாது

மனிதனுக்குத் தூக்கம் ஏன் வருகிறது என்று விஞ்ஞானிகள் இன்னமும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. அதைவிடக் கடினமான கேள்வி ஒன்றுக்கு 2011 டிசம்பர் 21 அன்றே விடை சொல்லிவிட்டது. விமானிக்குத் தூக்கம் தேவையா இல்லையா என்பது அவருடைய உடம்பைப் பொறுத்தது அல்ல, அவர் முதுகுக்குப் பின்னால் என்ன ஏற்றியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. பின்னால் மனிதர்கள் உட்கார்ந்திருந்தால் விமானி களைப்படைவார். ஆகவே பணிக்கு முன்னால் அவருக்குப் பத்து மணி நேர ஓய்வு, அதில் எட்டு மணி நேரம் இடையூறில்லாமல் தூங்க வாய்ப்பு. பின்னால் அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருந்தால் விமானி களைப்படைய மாட்டார். ஆகவே இருவர் ஓட்டும் விமானத்தில் ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் வரை டூட்டி பார்க்கலாம்.

அதே வானம், அதே இரவு, அதே வகை விமானம், அதே மருத்துவப் பரிசோதனையில் தேறிய அதே ஆள். இன்று பயணிகள் விமான நிறுவனத்தில் கொட்டாவி விட்டவர் நாளை சரக்கு விமான நிறுவனத்தில் சேர்ந்தால் கொட்டாவி நின்றுவிடும். மருந்து, மாத்திரை எதுவும் வேண்டாம். வேலை மாற்ற உத்தரவு ஒன்று போதும். இந்தக் கண்டுபிடிப்புக்கு ஏன் இன்னும் நோபல் பரிசு தரவில்லை என்பதுதான் புரியவில்லை. மருத்துவத்துக்குத் தருவதா பொருளாதாரத்துக்குத் தருவதா என்று குழப்பமாக இருக்கலாம். குழம்ப வேண்டாம். பொருளாதாரத்துக்கே தரலாம். காரணம் பின்னால் வருகிறது.

கதை 2009 பிப்ரவரி 12 அன்று தொடங்குகிறது. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகருக்கு அருகில் கோல்கன் ஏர் நிறுவனத்தின் சிறிய பயணிகள் விமானம் ஒன்று வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் தரையில் ஒருவரும் இறந்தார்கள். விசாரித்தபோது இரண்டு விமானிகளின் தூக்கக் கணக்கும் வெளியே வந்தது. துணை விமானி முந்தைய இரவு முழுவதும் சியாட்டிலில் இருந்து மெம்பிஸ் வழியாக நியூவர்க்குக்குப் பயணம் செய்து வேலைக்கு வந்தவர். எதில் பயணம் செய்தார் தெரியுமா? சரக்கு விமானங்களின் காக்பிட்டில் இருக்கும் உபரி இருக்கையில். இந்த விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விமானிகளின் ஓய்வுச் சட்டத்தைப் புதிதாக எழுதவைத்த அந்த இரவுக்குள்ளேயே சரக்கு விமானம் இருந்தது. சட்டத்துக்குள்தான் அதற்கு இடம் இல்லாமல் போனது.

இறந்தவர்களின் குடும்பங்கள் சும்மா இருக்கவில்லை. வாஷிங்டனுக்கு நடையாய் நடந்தார்கள். எம்.பி.க்களின் அறை வாசல்களில் இறந்தவர்களின் படங்களோடு நின்றார்கள். 2010 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது: விமானிகளின் களைப்பைப் பற்றி அறிவியல் சொல்வதை வைத்துப் புதிய பணிநேர விதிகளை எழுதுங்கள் என்று எஃப்.ஏ.ஏ.வுக்குக் கட்டளை. அடுத்த மாதம் வந்த வரைவில் பயணி, சரக்கு என்ற பேதம் இல்லை. எல்லா விமானிக்கும் ஒரே விதி. வரைவை எழுதியவர்கள் விமானிகளும் மனிதர்கள் என்று அப்பாவித்தனமாக நம்பிவிட்டார்கள்.

பிறகு கணக்குப்பிள்ளைகள் வந்தார்கள்.

இறுதி விதியில் அவர்கள் போட்ட கணக்கு இதுதான். சரக்கு விமானிகளையும் விதிக்குள் கொண்டுவந்தால் நிறுவனங்களுக்கு ஆகும் செலவு 30.6 கோடி டாலர். கொண்டுவந்து ஒரு மரண விபத்தைத் தடுத்தால் கிடைக்கும் லாபம் 2.03 கோடி டாலரிலிருந்து 3.25 கோடி டாலர் வரை. ஏன் இந்த 'லிருந்து, வரை'? விமானத்தில் எத்தனை விமானிகள் இருப்பார்கள் என்பதைப் பொறுத்து லாபம் கூடும், குறையும் என்று அரசாங்கமே அச்சடித்துச் சொல்லியிருக்கிறது. இரண்டு பேர் செத்தால் சின்ன நஷ்டம், நாலு பேர் செத்தால் கொஞ்சம் பெரிய நஷ்டம். அப்போது அமெரிக்கப் போக்குவரத்துத் துறை ஓர் உயிருக்குப் போட்டிருந்த விலை 62 லட்சம் டாலர். அதோடு ஒரு பழைய விமானத்தின் விலையையும் சேர்த்தால் வருவதுதான் அந்த லாபம். ஆகவே விலக்கு. சரக்கு விமானிகள் பழைய விதியிலேயே தொடரலாம்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் போடக்கூடிய ஒரு வகுத்தலை இங்கே போட்டுப் பார்க்கலாம். 30.6 கோடியை 62 லட்சத்தால் வகுத்தால் ஏறக்குறைய 50 வருகிறது. அதாவது ஒரே விபத்தில் 50 பேர் சாகத் தயாராக இருந்தால் விமானியின் தூக்கம் கட்டுபடியாகும். பஃபலோவில் இறந்தவர்கள் 50 பேர். கணக்கு எவ்வளவு சுத்தமாகப் பொருந்துகிறது பாருங்கள்! சரக்கு விமானிகள் செய்த ஒரே தவறு, கூட்டமாகச் சாகாமல் இரண்டு இரண்டு பேராகச் செத்ததுதான்.

இதற்கு எளிய பரிகாரம் உண்டு. ஒவ்வொரு சரக்கு விமானத்திலும் நாற்பத்தெட்டு பேரை வாடகைக்கு ஏற்றி உட்காரவைக்கலாம். அவர்கள் எதுவும் செய்ய வேண்டாம். சாகக்கூடியவர்களாக இருந்தால் போதும். அந்த நிமிடமே முன்னால் இருக்கும் இரண்டு பேருக்கும் களைப்பு சட்டப்படி அனுமதிக்கப்பட்டுவிடும். கணக்குப்பிள்ளைகள், சரக்கு நிறுவன முதலாளிகள், அவர்களுக்காக வாதாடிய தரகர்கள் ஆகியோரையே சுழற்சி முறையில் உட்காரவைத்தால் வாடகையும் மிச்சம்.

30.6 கோடி டாலர் என்றால் வாய் பிளக்கத் தோன்றும். சரக்கு விமானத் தொழில் முழுவதற்குமான செலவு அது. அதே 2011ஆம் ஆண்டில் யு.பி.எஸ். என்ற ஒரே ஒரு நிறுவனத்தின் ஓராண்டு வருவாய் 5,310 கோடி டாலர். நிகர லாபம் 380 கோடி. தொழில் முழுவதற்கும் தூக்கம் வாங்கித் தர ஆகும் தொகை, ஒரு நிறுவனத்தின் ஒரு மாத லாபத்துக்குக்கூட வராது. இதைத்தான் தாங்க முடியாத சுமை என்றார்கள்.

சுமை என்ற பேச்சு வந்ததால், சுமை தூக்கும் மற்றவர்களையும் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் சரக்கு லாரி ஓட்டுநர் வேலைக்கு வந்ததிலிருந்து பதினான்கு மணி நேரத்துக்குப் பிறகு லாரியை ஓட்டக் கூடாது; அதற்குள்ளும் பதினொரு மணி நேரம்தான் ஸ்டியரிங்கைத் தொடலாம்; பிறகு பத்து மணி நேரம் ஓய்வு. அதே பெட்டியை லாரியிலிருந்து இறக்கி விமானத்தில் ஏற்றியதும் ஓட்டுகிறவரின் உடம்புக்கு இரண்டு மணி நேரம் கூடுதல் தெம்பு வந்துவிடுகிறது. உயரம் கூடக்கூடக் காற்று மெலியும் என்று படித்திருக்கிறோம். களைப்பும் மெலியும் என்பது இப்போதுதான் தெரிகிறது.

ஆடுமாடுகளுக்கு 1873லேயே அமெரிக்காவில் சட்டம் வந்துவிட்டது. தரைவழியே ஏற்றிச் செல்லும் மாட்டை 28 மணி நேரத்துக்கு மேல் அடைத்து வைக்கக் கூடாது. இறக்கித் தீனியும் தண்ணீரும் காட்டி ஐந்து மணி நேரமாவது இளைப்பாற விட வேண்டும். மாடு களைப்படையும் என்பதை ஒப்புக்கொள்ள அன்றைய நாடாளுமன்றத்துக்குச் செலவு லாபப் பட்டியல் தேவைப்படவில்லை. மாட்டுக்கு விலை இருக்கிறது, வழியில் செத்தால் வியாபாரிக்கு நேரடி நஷ்டம். விமானி செத்தால் இன்னொருவரை வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு வேடிக்கை மது விஷயத்தில். ரத்தத்தில் 0.04 சதவீதம் மது இருந்தாலே அமெரிக்க விமானி காக்பிட்டில் கால் வைக்கக் கூடாது. வைத்தால் உரிமம் போகும், வேலை போகும், சிறைக்கும் போக நேரலாம். நியாயம்தான். ஆனால் தொடர்ந்து பதினேழு மணி நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம் ஏறக்குறைய 0.05 சதவீத மது ஏறியவரின் தடுமாற்றத்துக்குச் சமம் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997லேயே காட்டிவிட்டார்கள். பதினாறு மணி நேர டூட்டி முடியும் தறுவாயில் இருக்கும் விமானி, எழுந்து குளித்துக் கிளம்பி விமான நிலையம் வந்த நேரத்தையும் கூட்டினால் அந்த எல்லையைத் தாண்டியிருப்பார். அவர்தான் அன்றைய கடைசித் தரையிறக்கத்தைச் செய்வார். காசு கொடுத்துக் குடித்தால் குற்றவாளி. அதே போதையை நிறுவனம் ரோஸ்டர் போட்டு இலவசமாகக் கொடுத்தால் ஊழியர்.

ரோஸ்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சரக்கு விமானத் தொழிலே ராத்திரித் தொழில். மெம்பிஸில் ஃபெடெக்ஸுக்கும் லூயிவில்லில் யு.பி.எஸ்.ஸுக்கும் பிரம்மாண்டமான ஹப்கள் இருக்கின்றன. நாலா திசையிலிருந்தும் விமானங்கள் நள்ளிரவை ஒட்டி வரிசையாக வந்து இறங்கும். பெட்டிகள் பெல்ட்டுகளில் ஓடிப் பிரிந்து ஊர்வாரியாகச் சேரும். விடிவதற்குள் விமானங்கள் மறுபடி கிளம்பும். பெட்டி பிரிகிற அந்த ஓரிரு மணி நேரத்தில் விமானி ஓய்வறையில் தலை சாய்த்து, அலாரம் அடித்ததும் எழுந்து ஓட வேண்டும். மனித உடம்பு மிகவும் சோர்ந்து கிடப்பது விடிகாலை இரண்டிலிருந்து ஆறு மணி வரை. சரக்கு விமானி அதிகம் பறப்பதும் அந்த நேரத்தில்தான். காலையில் ஹோட்டல் அறைக்கு வந்து திரையை இழுத்து மூடிப் படுத்தால், பக்கத்து அறையைச் சுத்தம் செய்யும் வாக்குவம் கிளீனர் பாடும் தாலாட்டில் தூங்க வேண்டும். அன்று இரவு மறுபடியும். வாரக் கடைசியில் வீட்டுக்குப் போனால் பிள்ளைகளோடு பகலில் விழித்திருக்க வேண்டும். திங்கள்கிழமை உடம்பைத் தலைகீழாகத் திருப்பிக்கொண்டு மறுபடி ராத்திரி.

ஆக, யாருக்கு அறிவியல் மிகமிகத் தேவையோ அவர்களுக்குத்தான் அறிவியலிலிருந்து விலக்கு. புதிய விதிப்படி நள்ளிரவுக்கும் விடிகாலை நான்கு மணிக்கும் இடையில் பணி தொடங்கும் பயணிகள் விமானிக்கு ஒன்பது மணி நேரம்தான் உச்சவரம்பு. இரவு வேலை கொடுமை என்பது எஃப்.ஏ.ஏ.வுக்குத் தெரியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். தெரிந்தேதான் இரவு வேலையையே பிழைப்பாகக் கொண்டவர்களை வெளியே நிறுத்தினார்கள்.

நிறுவனங்கள் சொன்ன சமாதானங்களும் ரசிக்கத்தக்கவை. எங்கள் தொழில் வேறு மாதிரி என்றார்கள். எந்த மாதிரி? அங்கே கண் இமை மூடாதா? எங்கள் ஹப்களில் நல்ல ஓய்வறைகள் இருக்கின்றன என்றார்கள். இருக்கின்றன, கட்டில், போர்வை, இருட்டு எல்லாம் இருக்கின்றன, தூங்குவதற்கு நேரம் ஒன்றுதான் இல்லை. எஃப்.ஏ.ஏ.வும் தன் பங்குக்குப் பெருந்தன்மை காட்டியது: விருப்பமுள்ள சரக்கு நிறுவனங்கள் புதிய விதியைத் தாங்களாகவே பின்பற்றலாம். புலி விரும்பினால் புல் தின்னலாம் என்று காட்டில் அறிவிப்புப் பலகை வைத்த மாதிரி.

தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அன்றைய தலைவர் டெபோரா ஹெர்ஸ்மன், பின்னால் பயணிகள் இருந்தாலும் சரக்கு இருந்தாலும் களைத்த விமானி களைத்த விமானிதான் என்று அன்றே சொன்னார். யு.பி.எஸ். விமானிகளின் சங்கம் இறுதி விதி வந்த கையோடு நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே எஃப்.ஏ.ஏ. ஓர் உண்மையை ஒப்புக்கொண்டது: எங்கள் கணக்கில் பிழைகள் இருக்கின்றன, திருத்தித் தர அவகாசம் வேண்டும். பிழையான கணக்கின் மேல் நிற்கும் விலக்கு மட்டும் பிழையில்லாமல் அப்படியே நின்றது.

புதிய விதி நடைமுறைக்கு வர 2014 ஜனவரி 4 வரை அவகாசம் இருந்தது. அதற்கு நான்கரை மாதங்களுக்கு முன்னால், 2013 ஆகஸ்ட் 14 விடிகாலை, கணக்குக்கு ஓர் எடுத்துக்காட்டு கிடைத்தது.

யு.பி.எஸ். 1354. ஏர்பஸ் ஏ300 ரகச் சரக்கு விமானம். முந்தைய இரவு ராக்ஃபோர்டில் பணியைத் தொடங்கி, பியோரியா வழியாக லூயிவில்லுக்கு வந்து, அங்கிருந்து அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமுக்குக் கிளம்பிய இரண்டு விமானிகள். பர்மிங்ஹாமின் நீளமான ஓடுபாதை விளக்குப் பராமரிப்புக்காக அந்த நேரத்தில் மூடியிருந்தது. குறுகிய பாதையில், துல்லியம் குறைந்த வழிகாட்டும் கருவியை நம்பி, இருட்டில் இறங்க வேண்டும். அளவுக்கு மீறிய வேகத்தில் கீழே போய்க்கொண்டிருப்பதை இருவருமே உரிய நேரத்தில் கவனிக்கவில்லை. மணி 4.47. குடியிருப்பை ஒட்டிய மரங்களிலும் மின்கம்பிகளிலும் உரசி, ஓடுபாதைக்கு முன்னால் இருந்த மேட்டில் மோதியது. இருவரும் இறந்தார்கள்.

அதற்குச் சற்று முன்னால் அந்த இருவரும் காக்பிட்டில் என்ன பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது ஒலிப்பதிவுக் கருவியில் இருக்கிறது. இந்த விதியைப் பற்றித்தான். பயணிகள் விமானிகளுக்குப் புதிய ஓய்வு விதி வருகிறது, நமக்கு மட்டும் ஏன் இல்லை, பாதுகாப்பு என்றால் எல்லோருக்கும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும் என்று தலைமை விமானி ஆதங்கப்பட்டார். ஓய்வறையில் அலாரம் அடித்தபோது எழ முடியாத அளவு களைப்பாக இருந்தது என்று துணை விமானி சொன்னார். சமாதிக் கல்லில் பொறிக்க வேண்டிய வாசகத்தைத் தாங்களே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

விசாரணை அறிக்கை 2014 செப்டம்பரில் வந்தது. தரையிறங்கும் முறையில் விமானிகள் செய்த பிழைகளை முதன்மைக் காரணமாகவும் இருவரின் களைப்பைத் துணைக் காரணங்களில் ஒன்றாகவும் வாரியம் எழுதியது. துணை விமானி தன் ஓய்வு நேரத்தைச் சரியாக நிர்வகிக்கவில்லை என்றும் எழுதியது. உண்மைதான், தூங்கக் கிடைத்த நேரம் முழுவதையும் அவர் தூங்கவில்லை. அந்தக் குறிப்பிட்ட ரோஸ்டர் புதிய விதியின் வரம்புக்குள்ளும் அடங்கியிருக்கும் என்று நிறுவனம் சொன்னது. அதுவும் உண்மைதான். நிறுவனம் இதை வெற்றிச் செய்தியாகச் சொன்னதுதான் கொடுமை. கடுமையான விதியின்படியே இந்த வேலை இரண்டு பேரைச் சாய்க்கும் என்றால், தளர்ந்த விதியின்படி என்ன செய்யும் என்று கேட்கத் தோன்ற வேண்டாமா? பகலில் தூங்கச் சொல்லி உடம்புக்கு உத்தரவு போட்டு, உடம்பு கேட்காவிட்டால் அது உடம்பின் நிர்வாகத் திறமைக் குறைவு என்று அறிக்கை எழுதலாம். களைப்பாக இருக்கிறேன், ஓட்ட மாட்டேன் என்று சொன்ன விமானிக்கு, அது அவர் தவறுதான் என்று முடிவு செய்து நோய் விடுப்பில் கழித்துக்கொள்வதும் இந்தத் தொழிலில் உண்டு. உண்மையைச் சொன்னால் அபராதம், பொய் சொல்லிப் பறந்தால் சம்பளம்.

விபத்துக்குப் பிறகாவது எஃப்.ஏ.ஏ. கணக்கைத் திருத்தியிருக்கும் என்று நினைப்பீர்கள். திருத்தியது. 2014 கடைசியில் புதுக் கணக்கு வந்தது. விடை மாறவில்லை. 2016இல் நீதிமன்றமும் விமானிகள் சங்கத்தின் மனுவைத் தள்ளிவிட்டது. சரக்கு விமானிகளையும் சேர்க்கச் சொல்லும் மசோதா நாடாளுமன்றத்தில் திரும்பத் திரும்பத் தாக்கலாகி, திரும்பத் திரும்பக் கிடப்பில் போனது.

களைப்பு சரக்கு விமானியைக் கொல்லும் என்பது அவர்களுக்குப் புதிய செய்தியா? முப்பதாண்டுகளுக்கு மேலாகத் தெரியும். 1993 ஆகஸ்ட் 18 அன்று கியூபாவின் குவான்டனாமோ விரிகுடாவில் டிசி-8 சரக்கு விமானம் ஒன்று ஓடுபாதைக்கு முன்னால் விழுந்தது. இரவெல்லாம் ஓட்டி முடித்து ஓய்வுக்குக் கிளம்பிய விமானிகளைத் திரும்பக் கூப்பிட்டுக் கூடுதலாகக் கொடுத்த சவாரி அது. தலைமை விமானி 23 மணி நேரத்துக்கு மேல் விழித்திருந்தார். மூவரும் பலத்த காயங்களோடு பிழைத்தார்கள். விமானியின் களைப்பையே விபத்துக்கான காரணமாக வாரியம் முதன்முறையாக எழுதியது இந்த விபத்தில்தான். சரக்கை இறக்கிய பிறகு காலி விமானத்தை அட்லான்டாவுக்குத் திருப்பி ஓட்டி வருவது பணிநேர வரம்பில் சேராது என்பது நிறுவனத்தின் திட்டம். சரக்கு கூட இல்லையென்றால் களைப்பு சுத்தமாக இல்லை!

2004 அக்டோபர் 14 அன்று கனடாவின் ஹாலிஃபாக்ஸில் எம்.கே. ஏர்லைன்ஸின் 747 சரக்கு விமானம் மேலே எழும்ப முடியாமல் ஓடுபாதைக்கு அப்பால் நொறுங்கியது. ஏழு பேர் இறந்தார்கள். முந்தைய ஊரில் கிளம்பியபோது இருந்த குறைந்த எடையை வைத்தே இந்த முறையும் வேகக் கணக்கு போடப்பட்டிருந்தது. அப்போது அவர்கள் டூட்டிக்கு வந்து ஏறக்குறைய 19 மணி நேரம். அந்த நிறுவனம் தன் டூட்டி உச்சவரம்பை 24 மணி நேரம் வரை நீட்டி வைத்திருந்தது. ஒரு நாளில் அதற்கு மேல் மணி நேரம் இருந்திருந்தால் அதையும் எழுதியிருப்பார்கள்.

கனடா இதிலிருந்து பாடம் படித்தது. 2020 முதல் அங்கே பெரிய விமானங்களை ஓட்டும் சரக்கு விமானிக்கும் பயணிகள் விமானிக்கும் ஒரே விதி. ஐரோப்பாவின் 2016ஆம் ஆண்டு விதியும் சரக்கை ஒதுக்கி வைக்கவில்லை. அதனால் எந்தக் கண்டத்திலும் பெட்டிகள் தேங்கிப்போய்விடவில்லை.

சரக்கு விமானிகளின் நிலை இது என்றால் வாடகை விமானிகளின் விடுமுறையைக் கேட்டால் கண்ணில் நீர் வரும். சிறிய ஜெட்களை வாடகைக்கு ஓட்டும் அமெரிக்க விமானிகளுக்குத் தனி விதி. வார விடுமுறை என்ற கட்டாயம் அதில் கிடையாது. மூன்று மாதத்தில், 24 மணி நேரம் கொண்ட ஓய்வு 13 முறை கொடுத்தால் போதும். சராசரி போட்டால் வாரத்துக்கு ஒன்று. ஆனால் சராசரிக்குத் தூக்கம் வராது, மனிதனுக்குத்தான் வரும். பதின்மூன்றையும் காலாண்டின் ஒரு கோடியில் குவித்துக் கொடுக்க யார் தடை? கோடீஸ்வரர் எப்போது கிளம்புவார் என்பது கோடீஸ்வரருக்கே தெரியாது. ஆகவே விமானியின் போன் எப்போதும் விழித்திருக்க வேண்டும். பத்து மணி நேரம் அழைப்பு வராவிட்டால், கடந்துபோன அந்தப் பத்து மணி நேரத்தைப் பின்தேதியிட்டு ஓய்வு என்று எழுதிக்கொள்ளும் பழக்கம் இந்தத் தொழிலில் பழைய புகார். ஓய்வு என்பது முன்கூட்டியே சொல்லிக் கொடுப்பது என்று எஃப்.ஏ.ஏ.வின் சட்ட அதிகாரிகளே விளக்கம் எழுதிய பிறகும் புகார் ஓயவில்லை. இந்த வழியில் போனால், போன் ஒலிக்காத காரணத்தால் எல்லோரும் ஓய்வில்தான் இருக்கிறோம்.

கண்டம் விட்டுக் கண்டம் பறக்கும் சரக்கு விமானிகளின் கதை வேறு. சில நிறுவனங்களில் மாதத்துக்குப் பதினேழு நாள் தொடர்ந்து வெளியூரில், மீதி வீட்டில். ஏட்டில் பார்த்தால் பாதி மாதம் விடுமுறை, மாப்பிள்ளை கொடுத்துவைத்தவர். பதினேழாம் நாள் அவர் இருப்பது அலாஸ்காவிலா ஹாங்காங்கிலா என்பதை ரோஸ்டர் போடுகிறவர்தான் அறிவார். அங்கிருந்து வீடு திரும்புவதிலேயே விடுமுறையின் தொடக்கம் கரையும். அடுத்த சில நாள் எந்த நாட்டு நேரத்தில் பசிக்கிறது என்று வயிற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பசியும் தூக்கமும் வீட்டு நேரத்துக்கு வரும்போது பெட்டி கட்டும் நாள் வந்துவிடும்.

அமெரிக்காக்காரனைத் திட்டிவிட்டு நாம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள முடியாது. இங்கே இந்தியாவில் பயணிகள் விமானிகளுக்கே என்ன நடந்தது? 2024 ஜனவரியில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் புதிய விதிகளை வெளியிட்டது: வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆகும், இரவுப் பணியில் ஆறு வரை இருந்த தரையிறக்கம் இரண்டாகக் குறையும். நிறுவனங்கள் முகம் சுளித்ததும் விதிகள் தள்ளிப்போயின. டெல்லி உயர் நீதிமன்றம் வரை விவகாரம் போன பிறகுதான் 2025 ஜூலையிலும் நவம்பரிலும் இரண்டு தவணையாக நடைமுறைக்கு வந்தன. ஏறக்குறைய இரண்டாண்டு அவகாசம் கிடைத்தும் இண்டிகோ விமான நிறுவனத்திடம் போதுமான விமானிகள் இல்லை. டிசம்பர் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாகி, பயணிகள் விமான நிலையத் தரையில் படுத்தார்கள். அரசாங்கம் டிசம்பர் 5 அன்று உறுதியான நடவடிக்கை எடுத்தது. யார் மேல்? ஓய்வின் மேல். வார ஓய்வுக்குப் பதிலாக விடுப்பைக் கழிக்கக் கூடாது என்ற பிரிவைத் திரும்பப் பெற்றது. இரவு விதிகளிலிருந்து அந்த நிறுவனத்துக்கு இரண்டு மாத விலக்கும் கொடுத்தது. ஆளெடுக்காதவன் முதலாளி, ஓய்வை இழந்தவன் தொழிலாளி. பயணிகளின் உயிர் சம்பந்தப்பட்ட இடத்திலேயே ஓய்வை விட்டுக்கொடுக்கும் தைரியம் நமக்கு இருக்கிறது. கணக்குப் போட்டு, புத்தகத்தில் அச்சடித்து வைக்கும் நேர்மைதான் நமக்கு இல்லை.

சரி, சரக்கு விமானம் விழுந்தால் சாவது விமானிகள் மட்டும்தானா? 1992 அக்டோபர் 4 அன்று ஆம்ஸ்டர்டாமின் பெய்ல்மர் பகுதியில் எல் ஆல் நிறுவனத்தின் 747 சரக்கு விமானம் அடுக்குமாடிக் குடியிருப்பின் மேல் விழுந்து 43 பேர் இறந்தார்கள். அவர்களில் 39 பேர் வீட்டில் இருந்தவர்கள். 2025 நவம்பர் 4 அன்று அதே லூயிவில்லில் யு.பி.எஸ்.ஸின் எம்டி-11 கிளம்பும்போதே விழுந்து எரிந்தது. விமானிகள் மூவரோடு தரையில் இருந்த பத்துக்கும் மேற்பட்டோரும் மாண்டார்கள். இரண்டிலும் என்ஜின் கழன்று விழுந்ததே காரணம், களைப்பு அல்ல. ஆனால் விழுகிற சரக்கு விமானம், தான் எதனால் விழுகிறோம் என்று பார்த்து இடம் தேடி விழுவதில்லை. பர்மிங்ஹாமில் மரத்துக்கும் வீட்டுக்கும் இடையில் இருந்த சில அடிகள்தான் கணக்குப்பிள்ளைகளின் லாபக் கணக்கைக் காப்பாற்றின.

திருத்த வேண்டியது அதிகமில்லை. சரக்கு விமானங்களை வெளியே நிறுத்தும் அந்த ஒரு விலக்கை விதியிலிருந்து அடித்தால் போதும். அடிக்க மாட்டார்கள். ஆகவே அடுத்த விபத்தின் அறிக்கையை இப்போதே எழுதி வைத்துவிடலாம். ஊர்ப் பெயருக்கு மட்டும் இடம் விட்டால் போதும். நேரம், விடிகாலை இரண்டுக்கும் ஆறுக்கும் இடையில். இறந்தவர்கள், இருவர். முதன்மைக் காரணம், விமானிகளின் பிழை. துணைக் காரணம், களைப்பு. பரிந்துரை, சரக்கு விமானிகளுக்கும் ஒரே விதி வேண்டும். பரிந்துரை எஃப்.ஏ.ஏ.வுக்குப் போகும். கணக்குப்பிள்ளைகள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் கூட்டிக் கழிப்பார்கள். ஐம்பதுக்கு இன்னும் நாற்பத்தெட்டு குறைகிறது என்று விடை வரும்.